லைனரில் மிச்சம், டிரம்மில் செலவு

நாமக்கல், சங்ககிரி வட்டாரத்து உதிரிபாகக் கடைகளில் கவுண்டருக்கு அந்தப் பக்கமிருந்து வரும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "கம்பெனி சாமானா, லோக்கல் போதுமாண்ணே?" இரண்டே இரண்டு வகைதான் இருப்பதுபோல அந்தக் கேள்வி ஒலிக்கிறது. ஆனால் டிரெய்லர் லாரி வைத்திருப்பவர் வாங்கும் சாமானில் குறைந்தது ஐந்து அடுக்குகள் உண்டு.

லாரி கம்பெனி தன் பெயர் போட்ட பெட்டியில் விற்பது முதல் அடுக்கு. அசோக் லேலண்டின் 'லேபார்ட்ஸ்' அப்படிப்பட்டது. அந்த லாரி கம்பெனிக்கே பாகம் செய்து கொடுக்கும் தொழிற்சாலைகள் தங்கள் சொந்தப் பெயரில் கடைக்கு அனுப்புவது இரண்டாவது. பிரேக் லைனர் என்றால் ரானே, சுந்தரம் போன்ற பெயர்கள் தமிழ்நாட்டு மெக்கானிக்குகளுக்குப் பழக்கமானவை. மூன்றாவது, லாரி கம்பெனிக்குச் சப்ளை இல்லாமல் கடைச் சந்தைக்கென்றே செய்யும் நிறுவனங்கள். நான்காவது, பெயரே இல்லாத பட்டறைச் சாமான். ஐந்தாவது, வேறொருவர் பெயரைத் திருடி அச்சடித்த டூப்ளிகேட். இந்தக் கடைசி அடுக்கு மட்டும்தான் குற்றம். மூன்றாவதிலும் நான்காவதிலும் தரமானதும் உண்டு, குப்பையும் உண்டு. கோவைப் பக்கத்து வார்ப்படப் பட்டறைகளில் நல்ல இரும்பு ஊற்றத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

என் கணக்கில் காசுக்கு ஏற்ற சாமான் பெரும்பாலும் இரண்டாவது அடுக்கில்தான் கிடைக்கும். ஆனால் எல்லாப் பாகத்துக்கும் அந்த அடுக்குக்குப் போக வேண்டுமா என்பது வேறு கேள்வி. அதற்கு ஒரு சோதனை போதும்: இந்தச் சாமான் மட்டமாக இருந்தால், அது தான் மட்டும் கெடுமா, பக்கத்துச் சாமானையும் தின்றுவிட்டுப் போகுமா?

பிரேக் லைனரை எடுத்துக்கொள்வோம். மலிவான லைனரைப் பற்றி வரும் முதல் புகார் அது சீக்கிரம் தேய்கிறது என்பது. உண்மையில் சீக்கிரம் தேயும் லைனரைவிடத் தேயாத லைனர் ஆபத்தானது. கடினமான, உலோகத் துகள் அதிகம் கலந்த லைனர் தான் தேயாமல் டிரம்மைத் தேய்க்கும். "ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடுச்சு" என்று ஓனர் பெருமைப்படும்போது டிரம்மில் வரிவரியாகப் பள்ளம் விழுந்திருக்கும். அதை லேத்தில் கொடுத்துக் கடைந்தால் விட்டம் கூடும். பிறகு ஓவர்சைஸ் லைனர் போட வேண்டும். டிரம் எவ்வளவு வரை கடையலாம் என்ற அதிகபட்ச விட்டத்தைத் தயாரிப்பாளர் குறித்திருப்பார், பல டிரம்களில் அது அச்சாகவே இருக்கும். அதைத் தாண்டிய டிரம்மில் இரும்பு குறைவு, சூட்டைத் தாங்கும் திராணியும் குறைவு. புது டிரம் வாங்கும்போதும் இதே கதைதான். ஒரே மாடலுக்கான இரண்டு டிரம்களைத் தராசில் வைத்தாலே எதில் இரும்பைச் சுரண்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, எடை போடச் சொல்லுங்கள்.

பல லைனர்களின் விளிம்பில் இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சிட்டிருக்கும். அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. அமைப்பு வகுத்த முறை இது. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் எவ்வளவு பிடிக்கும் என்பதைச் சொல்கிறது; இரண்டாவது, சுமார் 340 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றிச் சோதித்தபோது எவ்வளவு பிடித்தது என்பதை. 'ஈ' என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55 வரை. 'எஃப்எஃப்' என்று இருந்தால் சூடானாலும் பிடி அதே வரம்பில் நிற்கிறது என்று பொருள். 'எஃப்ஈ' என்றால் சூட்டில் பிடி தளர்கிறது.

சமவெளியில் ஓடும் வண்டிக்கு இந்த இரண்டாவது எழுத்து பெரிதாகத் தெரியாது. பெங்களூரிலிருந்து சேலம் வரும் வண்டிக்குத் தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர் கணவாய் இருக்கிறது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கி, வேகம் கூடியதும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், இறக்கத்தின் பாதியிலேயே லைனர் சூடேறிவிடும். டிரம்மும் சூட்டில் விரிந்து லைனரை விட்டு விலகும். பிடி தளர்வதும் இடைவெளி கூடுவதும் ஒன்றாக நடக்கும். நியூட்ரலில் இறக்கினால் எந்த லைனராலும் காப்பாற்ற முடியாது என்பது வேறு விஷயம். ஒழுங்காக கியரில் இறங்கும் டிரைவருக்கு அந்த இரண்டாவது எழுத்து கூடுதல் தெம்பு. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: இந்த எழுத்துகள் பிடியைத்தான் சொல்கின்றன. எத்தனை கிலோமீட்டர் உழைக்கும் என்பதை எந்த எழுத்தும் சொல்லாது.

டிரெய்லருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இழுக்கும் முன்வண்டிக்கு நல்ல லைனர் போட்டுவிட்டு, "பின்னாடி வர்றதுதானே" என்று டிரெய்லருக்குக் கைக்குக் கிடைத்ததைப் போடும் வழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. டிரெய்லர் லைனர் சரியாகப் பிடிக்காவிட்டால் மொத்த எடையையும் முன்வண்டியின் பிரேக் நிறுத்த வேண்டியிருக்கும். அங்கே போட்ட விலை உயர்ந்த லைனர் பாதி ஆயுளில் தீரும். மழை நாளில் அவசரமாக மிதித்தால் டிரெய்லர் முன்வண்டியைத் தள்ளி, இரண்டும் மடிந்துகொள்ளும் அபாயமும் உண்டு. 2018 ஜூலையில் மத்திய அரசு ஆக்சில் எடை வரம்பை உயர்த்தியபோது இணைப்பு வண்டியின் மொத்த எடை வரம்பு 49 டன்னிலிருந்து 55 டன் ஆனது. அவ்வளவு எடையை வைத்துக்கொண்டு பின்னால் ஒன்று, முன்னால் ஒன்று என்று லைனர் கலப்பது நல்லதல்ல. ஒரே ஆக்சிலின் இடது வலது சக்கரங்களில் வெவ்வேறு செட் போடுவது அதைவிட மோசம். மிதித்ததும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

லைனரைப் பற்றியே இவ்வளவு பேசியதற்குக் காரணம், அதை நாசமாக்கும் சாமான் பலசமயம் அதைவிட மிகச் சிறியதாக இருப்பதுதான். ஹப் ஆயில் சீல் சில நூறு ரூபாய்ச் சாமான். அது கசிந்தால் கிரீஸ் லைனரில் ஏறும். எண்ணெய் ஏறிய லைனரை டீசலில் கழுவிப் போடுவது வெறும் சடங்கு, அது திரும்பப் பிடிக்காது. கிரீஸ் வற்றிய பேரிங் சூடாகும், நெரியும். சீலை நல்ல கம்பெனியில் வாங்கி, சுத்தியலால் கோணலாக அடித்து ஏற்றினாலும் கதி அதேதான். பேரிங்கில் டூப்ளிகேட் நிறையப் புழங்குகிறது. கழற்றிய பழைய பேரிங்கைப் பாலிஷ் போட்டு, எண்ணெய் தடவி, புதுப் பெட்டியில் வைத்து விற்பதும் உண்டு. பெட்டியைப் பார்த்து ஏமாற வேண்டாம். வளையத்தில் பொறித்த எழுத்து சீராக, தெளிவாக இருக்கிறதா, உருளைகளில் கோடோ நிறமாற்றமோ தெரிகிறதா என்று பார்ப்பது கொஞ்சமாவது உதவும். பெரிய பேரிங் கம்பெனிகள் சில, போட்டோ அனுப்பிச் சரிபார்க்கும் செயலியே வைத்திருக்கின்றன.

ஸ்பிரிங் பட்டையின் தரம் கண்ணுக்குத் தெரியாது. நல்ல பட்டையை முறையாகச் சூடேற்றிக் குளிரவைத்துப் பதப்படுத்தி, சிறு இரும்புக் குண்டுகளை வேகமாக அடித்து மேற்பரப்பை இறுக்குவார்கள். அதனால்தான் விரிசல் தொடங்காமல் தள்ளிப் போகிறது. மட்டமான பட்டையில் பதம் குறைந்தால் தொங்கும், கூடினால் ஒடியும். பெயிண்ட் அடித்துவிட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இங்கே பக்கத்துச் சாமான் கணக்கு தலைகீழாகவும் நடக்கும்: தொங்கிப்போன பழைய பட்டைகளுக்கு நடுவே ஒரே ஒரு புதுப் பட்டையைச் செருகினால், சுமை அதன்மேல் அதிகமாக ஏறி அதுதான் முதலில் ஒடியும். பழி கம்பெனிமேல் விழும். பழைய யு-போல்ட்டையே திரும்பப் போடுவதும், போட்ட பிறகு சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி டைட் வைக்க மறப்பதும் இதே கணக்கில் சேரும்.

டிரெய்லரை முன்வண்டியோடு இணைக்கும் கிங் பின்னைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. இரண்டு அங்குலப் பின் புதிதில் 50.8 மில்லிமீட்டர், 49-க்கு வந்தால் மாற்ற வேண்டும். வெல்டிங் வைத்துத் தடிமனாக்கக் கூடாது. புதுப் பின்னை, முன்வண்டியில் அதைப் பிடிக்கும் ஃபிப்த் வீல் தேய்ந்திருக்கும்போது மாட்டினால் ஒன்றை ஒன்று தின்னும்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகு மட்டச் சாமானால் வரும் செலவு மிகவும் ஏறியது டீசல் ஃபில்டரில்தான். காமன் ரெயில் இன்ஜினில் டீசல் 1,600 பார், 2,000 பார் என்ற அழுத்தத்தில் பாய்கிறது. இன்ஜெக்டரின் துளைகள் முடியளவு நுண்ணியவை. காகிதம் மட்டமான ஃபில்டர் விடும் தூசி அங்கே போய் அரைக்கும். ஃபில்டரில் மிச்சம் பிடித்த தொகை இன்ஜெக்டரைக் கழற்றும் கூலிக்குக்கூடப் போதாது. 32.5 சதவீத யூரியாக் கரைசலான டெஃப் திரவமும் அப்படித்தான்; உர மூட்டை யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் புகைபோக்கி வழியிலுள்ள கேட்டலிஸ்ட்டே போகும்.

மட்காடு, பம்பர், கண்ணாடி, கேபின் உள்வேலை எல்லாவற்றுக்கும் பட்டறைச் சாமானே தாராளம். இவை கெட்டால் தாங்கள் மட்டும்தான் கெடும்.

விலையைக் கிலோமீட்டரில் வகுத்துப் பார்ப்பது பலருக்குத் தெரிந்ததுதான், ஆனால் கூலியைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். கற்பனையாக ஒரு கணக்கு: 3,000 ரூபாய் லைனர் செட் 40,000 கிலோமீட்டர் உழைக்கிறது, 4,500 ரூபாய் செட் 70,000 கிலோமீட்டர். சாமான் விலையை மட்டும் வகுத்தால் 10,000 கிலோமீட்டருக்கு 750 ரூபாய், 643 ரூபாய், பெரிய வித்தியாசமில்லை. ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்ட 1,000 ரூபாய் கூலி சேர்த்தால் 1,000 ரூபாய், 786 ரூபாய் என்று விலகுகிறது. வண்டி நிற்கும் நாளின் வாடகை இழப்பு இதில் சேரவே இல்லை.

இந்தக் கணக்கைப் போட பில் வேண்டும். முன்பு பல உதிரிபாகங்களுக்கு 28 சதவீத ஜிஎஸ்டி இருந்ததால் "பில் இல்லாம குறைச்சுத் தர்றேன்" என்ற பேரம் கவர்ச்சியாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா வாகன உதிரிபாகங்களுக்கும் 18 சதவீதம்தான். பதிவுபெற்ற ஓனர் உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெறும் முறையில் இருந்தால் அந்த 18-உம் கழியும். டூப்ளிகேட் விற்பவர் சீரியல் நம்பரோடு பில் எழுதத் தயங்குவார் என்பது இன்னொரு லாபம். பில்லின் பின்புறம் மாட்டிய தேதியையும் ஓடோமீட்டர் எண்ணையும் எழுதி வையுங்கள். பாகம் முன்கூட்டியே போய்விட்டால் அதைப் பழைய இரும்புக்குப் போடாமல் பில்லோடு கடைக்குக் கொண்டுபோங்கள். உடைந்த பாகம் கையில் இல்லாமல் வாரண்டி பேசுவது கடினம்.