பந்தாட்டமும் கூடத்து நியாயமும்

1911-ஆம் வருஷம் ஜூலை மாதம் 29-ஆம் தேதியன்று கல்கத்தாவில் மோஹன் பகான் சங்கத்தார், ஒருவர் நீங்கலாக மற்றெல்லாரும் வெறுங்காலினராய் நின்று ஆடி, ஈஸ்ட் யார்க்ஷயர் பட்டாளத்தாரை 2-1 என்ற கணக்கில் வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றினர். கூட்டத்தின் மிகுதியால் ஆட்டக்களத்தைக் கண்ணால் காண இயலாது நின்றவர் பல்லாயிரவர். அவர்களுக்குக் கணக்கைத் தெரிவிக்கப் பட்டங்கள் பறக்கவிடப்பட்டன. காணக் கொடுத்துவைத்தவன் காணாதவனை மறவாதிருந்தான் என்பதே அந்தப் பட்டங்களின் பொருள்.

பதினாறு ஆண்டுகள் கழிந்து, 1927 ஜனவரி 22-ல், ஆர்சனல் சங்கத்திற்கும் ஷெபீல்ட் யுனைடெட் சங்கத்திற்கும் லண்டனில் நடந்த ஆட்டத்தை பி.பி.ஸி. முதன்முதலாக வானொலியில் வருணித்தது. பந்து எங்கே போகிறதென்று வீட்டிலிருப்போன் அறிவதெப்படி? மைதானத்தை எட்டுக் கட்டங்களாக வகுத்து எண்ணிட்ட படமொன்று 'ரேடியோ டைம்ஸ்' பத்திரிகையில் வெளியாயிற்று. ஒருவர் ஆட்டத்தை வருணிக்க, மற்றொரு குரல் கட்டத்தின் எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தது. குடும்பத்தார் அப்படத்தை மேஜைமேல் விரித்துச் சுற்றியமர்ந்தனர். பெரிய பந்தாட்டத்திற்காக ஒரு வீட்டை ஆயத்தம் செய்யும் வழக்கம் இவ்வாறு ஒரு காகிதத் துண்டில் தொடங்கிற்று.

இன்று காகிதத்திற்கு வேலையில்லை. உலகக் கோப்பை வந்துவிட்டால் நம் நண்பர்கள் ஒருவரையொருவர் கேட்கும் கேள்வி, "உங்கள் டி.வி. எத்தனை அங்குலம்?" என்பதே. அங்குலத்தைக் கடைக்காரன் தருவான். ஏனையவற்றை வீட்டுக்காரனே செய்துகொள்ள வேண்டும். 43 அங்குலப் பெட்டிக்குச் சுமார் 6 அடி முதல் 9 அடி வரை தள்ளியமர்வது கண்ணுக்கு இதமானது. பெட்டியை உத்தரத்தை ஒட்டி மாட்டினால் இரண்டு மணி நேரத்தில் கழுத்து வலியே மிஞ்சும். அமர்ந்தவர் கண்மட்டத்தில் திரையின் நடுப்பகுதி இருத்தல் நலம். எதிர்ச்சன்னலின் வெளிச்சம் திரையில் விழாதபடி திரைச்சீலை வேண்டும். முழு இருளும் ஆகாது. பெட்டிக்குப் பின்புறம் சிறு விளக்கொன்று எரியட்டும். முன்னே ஜமக்காளம், பின்னே நாற்காலி என்பது நம்மவர் கலியாண வீட்டிலேயே கற்ற பாடம்.

மின்சாரத்தையும் கவனிக்க வேண்டும். இன்வெர்ட்டர் வைத்திருப்போர் பெட்டிக்கு மட்டும் இணைப்புக் கொடுத்துவிட்டு, இன்டர்நெட் மோடத்தை மறந்துவிடுகிறார்கள். விளக்கணைந்ததும் பெட்டி எரிகிறது, ஆட்டம் நின்றுபோகிறது. இன்டர்நெட் வழியே வரும் ஒளிபரப்பு, டிஷ் வழியே வருவதைவிடப் பல வினாடிகள் பின்தங்குதலும் உண்டு. அடுத்த வீட்டார் "கோல்!" என்று கூவிய பிறகு நம் திரையில் பந்து நடுமைதானத்தில் உருண்டுகொண்டிருப்பதன் மர்மம் இதுவே. இதற்குத் தக்க பரிகாரம் ஒன்றுண்டு: இரண்டு வீட்டாரும் ஒரே கூடத்தில் உட்காருவது.

இதை மலையாளத்து அன்பர்கள் நன்கறிந்திருக்கிறார்கள். 2022-ஆம் வருஷத்து உலகக் கோப்பையின்போது கொச்சிப் பகுதியில் பதினேழு பேர் ஒன்றுகூடி, ரூ. 23 லட்சம் கொடுத்து ஒரு வீட்டையே வாங்கி, பல தேசக் கொடிகளால் அலங்கரித்து, பெரிய டி.வி. ஒன்றை வைத்து ஆட்டங்களைப் பார்த்தனர். பதினேழு வீடுகளில் தனித்தனியே பெட்டியில்லாமலா இதைச் செய்தனர்? ஆட்டத்தைத் தனித்துக் காண்பது பாதிக் காட்சியே என்று அவர்கள் கண்டனர்.

எனினும் ஒரே கூடத்தில் கூடிவிட்ட மாத்திரத்தால் எல்லோரும் கண்டதாகிவிடுமா? இதற்கு நம் வீட்டுச் சாட்சியத்தையே நேயர் முன் வைக்கிறோம். அவ்வருஷம் நவம்பர் 22-ல் அர்ஜென்டினா ஸவுதி அரேபியாவிடம் 2-1 என்று தோற்றது. நமது நாட்டு நேரப்படி பிற்பகல் 3.30-க்குத் தொடங்கிய ஆட்டம் அது. நாம் கோர்ட்டிலிருந்தோம், வீட்டு அம்மையார் தனியே அமர்ந்து அத்தோல்வியைக் கண்டார், அன்று முதல் அக்கட்சியின் ஆட்டம் ஒன்றையும் விடவில்லை. டிசம்பர் 18-ல் இறுதியாட்டம். நண்பர் பன்னிருவர் நம் கூடத்தில் வந்து நிறைந்தனர். அர்ஜென்டினா இரண்டு கோல் முன்னே நிற்க, 80-ஆவது நிமிஷமும் நெருங்கவே, "இனி என்ன, முடிந்தது" என்று கூறி இன்னொரு சுற்றுக் காப்பி கேட்டோம். அம்மையார் எழுந்து அடுப்பங்கரைக்குப் போனார். இரண்டு நிமிஷத்திற்குள் பிரான்ஸின் எம்பாப்பே இரண்டு கோல் அடித்துக் கணக்கைச் சமமாக்கிவிட்டார். தட்டோடு வாயிற்படியில் வந்து நின்று, "என்ன ஆயிற்று?" என்று அவர் கேட்டபோது, கூடத்தில் பதில் சொல்வாரில்லை, எல்லோர் கண்ணும் திரையிலேயே இருந்தன. அர்ஜென்டினா முடிவில் பெனால்டி உதைகளில் 4-2 என வென்றது. ஆயினும் நாம் அன்று தோற்றோம் என்பதே நம் துணிபு.

மேடையேறிச் சமத்துவம் பேசுகிறோம், தீர்மானங்களை வழிமொழிகிறோம். நம் கூடத்து ஆசனங்களை யார் பங்கிட்டார்கள், யாருக்கு வாயிற்படி கிடைத்தது என்று ஒருநாளேனும் விசாரித்தோமா? ஆட்டம் பிறந்தபின் காப்பி வேண்டுவோர் தாமே எழுந்து போடுக; அன்றேல் மாலையிலேயே பிளாஸ்கில் நிரப்பி வைத்துக்கொள்க. பலகாரம் இடைவேளைக்கு முன் அடுப்பேறலாகாது. முதல் ஆசனம் அந்தப் பருவம் முழுதும் ஆட்டத்தைத் தொடர்ந்து வந்தவர்க்கே உரியது. அவர் ஆணா பெண்ணா, வீட்டுக்காரரா வேலைக்காரரா என்ற கேள்வி எழலாகாது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை பக்கத்து வீட்டிலிருந்தால், கோலுக்குக் கையைத் தட்டலாம். வெடியைக் கொளுத்த வேண்டாம்.

1911-ல் எங்கோ நின்ற அந்நியனுக்காகப் பட்டம் விட்டவர்கள் நம்மவர்கள். பத்தடி தூரத்தில் அடுப்பங்கரையில் நிற்பவருக்கு ஒரு வார்த்தை சொல்ல நமக்கு மனம் வரவில்லையென்றால், சுவரளவு திரை வாங்கியும் நாம் கண்டது சொற்பமே.