வார்டின் காற்றில் பரவிய காசநோய்

மருத்துவமனையில் சேரும்போது ஒருவரிடம் இல்லாமல், சேர்ந்து 48 மணி நேரம் கழிந்தபின் தென்படும் தொற்றை மருத்துவமனைவழித் தொற்று என்று கணக்கில் கொள்வது மருத்துவ உலகின் பொது வழக்கம். சிறுநீர்க் குழாய், நரம்பூசி, அறுவைக் காயம், செயற்கைச் சுவாசக் கருவி ஆகியவற்றின் வழியே நுழையும் கிருமிகளுக்கு இந்த அளவுகோல் பொருந்தும், எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரும் இவற்றுக்கு ஆளாகிறார்கள். ஆனால், அவர்களுக்கு மருத்துவமனையில் தொற்றக்கூடியவற்றுள் மிகக் கொடியதான காசநோய் இந்தக் கணக்கில் அகப்படுவதில்லை. வார்டில் மூச்சோடு உள்ளே போன கிருமி, நோயாளி வீடு திரும்பிப் பல வாரங்களோ மாதங்களோ சென்றபின் நோயாக வெளிப்படுவதால், அது ஊரில் வந்த நோயாகவோ, பழைய நோய் திரும்பியதாகவோ பதிவேட்டில் ஏறிவிடுகிறது.

இந்தப் பிழையின் அளவை உலகுக்கு உணர்த்தியது, தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் ஜூலு மக்கள் வாழும் டுகேலா ஃபெரி என்னும் சிற்றூர். அங்குள்ள சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்து மருத்துவமனையை மையமாகக் கொண்டு 2005 ஜனவரி முதல் 2006 மார்ச் வரை நடந்த ஆய்வில், 53 பேருக்குத் தீவிர மருந்து எதிர்ப்புக் காசநோய் இருப்பது தெரியவந்தது. ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் என்னும் இரு முதன்மை மருந்துகளுக்கும் அடங்காத காசநோய் பன்மருந்து எதிர்ப்புக் காசநோய் எனப்படும். அதற்கு மேலும், ஃபுளோரோகுயினோலோன் வகை மருந்துக்கும், ஊசிவழி தரப்படும் இரண்டாம் நிலை மருந்துகளில் ஒன்றுக்கேனும் அடங்காததைத் தீவிர வகை என்று அன்று வகுத்திருந்தனர். அந்த 53 பேரில் 52 பேர் இறந்தனர். இறந்த நாள் உறுதியாகத் தெரிந்த 42 பேரில் பாதிப்பேர், சளி மாதிரி கொடுத்த 16 நாட்களுக்குள் உயிரிழந்தனர். எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொண்ட 44 பேரில் அத்தொற்று இல்லாதவர் ஒருவர்கூட இல்லை.

மருந்து எதிர்ப்பு என்றதும், நோயாளி மாத்திரையை இடையில் நிறுத்தியிருப்பார் என்று அவர் மேல் பழியைப் போடுவது எளிது. டுகேலா ஃபெரியில் அந்தப் பழி நிற்கவில்லை. பாதிக்கப்பட்டோரில் 55 விழுக்காட்டினர் அதற்கு முன் காசநோய் மருந்தையே தொட்டறியாதவர்கள். மருந்தே உண்ணாதவர் உடலில் கிருமி தானாக எதிர்ப்பாற்றல் பெற வழியில்லை என்பதால், ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த கிருமி பிறரிடமிருந்து அவர்களுக்கு வந்திருக்க வேண்டும். எங்கிருந்து என்பதற்கு இரண்டு தடயங்கள் கிடைத்தன: 67 விழுக்காட்டினர் அண்மைக் காலத்தில் மருத்துவமனையில் தங்கியிருந்தவர்கள், மரபணு ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 46 மாதிரிகளில் 85 விழுக்காடு ஒரே குடும்பத்துக் கிருமி. மருந்துக்கு அடங்கும் காசநோயோடு வந்து சிகிச்சை பெற்ற சிலரிடம் பின்னர் அடங்காத கிருமி தோன்றியதை ஆராய்ந்தபோதும், அது முதல் கிருமியின் வழித்தோன்றலாக இல்லாமல் புதிதாக வந்த வேறொரு கிருமியாக இருந்தது.

எச்.ஐ.வி. உள்ளவர்கள் முதலில் விழுந்ததற்கு நோய் எதிர்ப்பாற்றல் குறைவு என்ற ஒற்றை விளக்கம் போதாது. உடலின் தற்காப்பை ஒருங்கிணைக்கும் சி.டி.4 அணுக்கள் குறையும்போது, பிறரிடம் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமி விரைவில் நோயாக முற்றுகிறது என்பது உண்மை. அதே குறைபாட்டால் நுரையீரலில் குழிகள் உண்டாவதும் குறைகிறது. குழிகள் இல்லாதபோது சளியில் கிருமிகளின் எண்ணிக்கை குறைந்து, நுண்ணோக்கியில் பார்க்கும் சளிப் பரிசோதனை நோய் இல்லை என்று சொல்லிவிடுகிறது. கிருமியை வளர்த்துப் பார்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று கண்டறியும் பரிசோதனைக்கோ அக்காலத்தில் பல வாரங்கள் ஆயின. முடிவு வரும்வரை நோயாளி பொது வார்டில் வழக்கமான மருந்தை உண்டுகொண்டு படுத்திருப்பார்; தக்க மருந்து தொடங்கியதும் காசநோயாளியின் தொற்றும் தன்மை விரைவாகத் தணிந்துவிடும் என்றாலும், அவருக்குத் தரப்படுவது தகாத மருந்து என்பதால், அவர் இருமும்போதெல்லாம் கிருமி அடுத்த படுக்கையை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். ஏ.ஆர்.டி. எனப்படும் கூட்டு மருந்துக்காகவும் பிற நோய்களுக்காகவும் எச்.ஐ.வி. நோயாளிகள் அடிக்கடி வந்து தங்கும் இடமும் அதே வார்டுதான்.

இருமலில் தெறிக்கும் துளிகள் உலர்ந்து, ஐந்து மைக்ரான் அளவுக்கும் சிறிய துகள்களாகி மணிக்கணக்கில் காற்றில் மிதக்கின்றன. கை கழுவுவதால் இவற்றைத் தடுக்க முடியாது. பெரு நாட்டின் லிமா நகரில், எச்.ஐ.வி.யும் காசநோயும் சேர்ந்தவர்களுக்கான வார்டின் காற்றைக் கூரைமேல் வைத்த கினிப் பன்றிகளின் கூண்டுகளுக்குள் செலுத்திப் பார்த்தபோது, அவற்றுக்கு ஏற்பட்ட தொற்றுகளில் பெரும்பாலானவை, தக்க சிகிச்சை பெறாத பன்மருந்து எதிர்ப்பு நோயாளிகள் ஒரு சிலரிடமிருந்தே வந்திருந்தன. வார்டின் மேற்பகுதியில் புறஊதா விளக்குகளை எரியவிட்டபோது தொற்றிய விலங்குகளின் விகிதம் 35 விழுக்காட்டிலிருந்து 9.5 விழுக்காடாகக் குறைந்தது. அதே நகரின் எட்டு மருத்துவமனைகளைப் பற்றி 2007இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, 1950க்கு முன் உயர்ந்த கூரையும் பெரிய சன்னல்களும் வைத்துக் கட்டிய வார்டுகளில் மணிக்கு 40 முறை காற்று மாறுவதையும், புதிய கட்டடங்களில் சன்னல்களைத் திறந்தாலும் 17 முறையே மாறுவதையும் அளந்து காட்டியது. பழங்காலத்தவர் கட்டிய சன்னல், புதிய கட்டடங்களை வென்றது வேடிக்கைதான். ஆயினும், குளிர்கால இரவுகளில் நோயாளிகளே அவற்றைச் சாத்திவிடுவார்கள் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

கண்டறிவதில் நேர்ந்த தாமதம் 2010க்குப் பின் ஓரளவு குறைந்தது. உலகச் சுகாதார நிறுவனம் அவ்வாண்டு பரிந்துரைத்த ஜீன்எக்ஸ்பெர்ட் என்னும் மரபணுப் பரிசோதனை, காசநோயையும் ரிஃபாம்பிசின் எதிர்ப்பையும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் தெரிவிக்கிறது. மற்றொரு கேள்வி, நோயாளியை வார்டில் வைத்திருக்கத்தான் வேண்டுமா என்பது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், வீட்டிலிருந்தே மருந்து உண்டவர்கள் சானடோரியத்தில் தங்கியவர்களுக்கு இணையாகக் குணமடைவதை 1959இலேயே வெளியிட்டிருந்தது; அதனால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்பதையும் பின்னர் காட்டியது. மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கு மட்டும், மாதக்கணக்கில் நாள்தோறும் போட வேண்டிய ஊசி, நோயாளியை நெடுங்காலம் வார்டிலேயே கட்டிவைத்திருந்தது. குவாசுலு-நட்டாலின் கிராமங்களில் பின்னர் செவிலியர்கள் வீடு தேடிச் சென்று அந்த ஊசியைப் போடத் தொடங்கினர். 2018இல் தென்னாப்பிரிக்கா ஊசி மருந்துக்குப் பதிலாக பெடாகுயிலின் மாத்திரையை வழங்க முடிவு செய்தபோது, அந்த ஊசிக்காக வார்டில் தங்க வேண்டிய தேவையும் போயிற்று.