மடியில் ஒரு ஜப்பான் கத்தி... நம் காட்டு வேலைக்கு ஒத்துவருமா?

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் காட்டுக்குப் புறப்படுகிறவரிடம் கொடுவாள் இருக்கும். கீழே சங்கராபுரம், சின்னசேலம் பக்கம் வயலுக்குப் போகிறவர் கையில் அருவாள் இருக்கும். கரும்பு வெட்டவும், மரவள்ளிக் குச்சியைக் கரணையாக நறுக்கவும் அவை வேண்டும்தான். ஆனால், உர மூட்டையின் தையலைப் பிரிப்பது, சொட்டுநீர்க் குழாயை நறுக்குவது, மாட்டுக் கயிற்றைத் துண்டிப்பது, செடியில் காய்ந்த கிளையைக் கழிப்பது என்று அன்றாடம் வரும் சின்ன வேலைகளுக்கு அருவாள் பெரிது. அதற்கு மடியில் ஒரு பேனாக்கத்தி இருந்தால் போதும்.

அப்படி ஒன்றைத் தேடி செல்போனில் பார்ப்பவர்களின் கண்ணில் இப்போது அடிக்கடி படுவது, பித்தளைப் பிடி போட்ட ஜப்பான் மடக்குக்கத்தி. பெயர் ‘ஹிகோனோகாமி’. பார்க்க அழகு, கூர்மையும் பேர்போனது. ஆனால், இங்கே வந்து சேரும்போது விலை சில ஆயிரங்களைத் தொடுகிறது. அவ்வளவு பணம் போடும் முன், அதன் நல்லதையும் கெட்டதையும் தெரிந்துகொள்வது நல்லது.

கொல்லர் ஊரின் கத்தி

ஜப்பானில் கோபே நகரத்துக்குப் பக்கத்தில் ‘மிக்கி’ என்று ஓர் ஊர். ரம்பம், உளி, இழைப்புளி போன்ற தச்சுக் கருவிகளுக்குப் பெயர் வாங்கிய ஊர். அங்கே 1890-களின் மத்தியில் இந்தக் கத்தி உருவானது. ‘ஹிகோ’ என்பது அந்த நாட்டின் தெற்கே இருந்த ஒரு பழைய மாகாணம். ‘ஹிகோனோகாமி’ என்றால் அந்த மாகாணத்தின் அதிபதி என்று பொருள். பெயர்தான் பெரிது, விலை மலிவு. பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவவும், மூங்கிலில் விளையாட்டுச் சாமான் செய்யவும் இதையே வைத்திருந்தார்கள்.

1960 அக்டோபரில் டோக்கியோவில் சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் அசானுமா, மேடையிலேயே குத்திக் கொல்லப்பட்டார். கொலையாளி வைத்திருந்தது குறுவாள். இருந்தாலும், ‘பிள்ளைகள் கையில் கத்தி கூடாது’ என்ற இயக்கம் நாடு முழுக்கப் பரவியது. பென்சில் சீவும் கருவிகளும் பெருகின. விற்பனை சரிய, பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. இன்று அந்த வணிகப் பெயரைப் போட்டுக்கொள்ளும் உரிமையோடு மிக்கியில் இருப்பது ஒரே ஒரு பட்டறை. அதனால்தான் மலிவுக் கத்தியாக இருந்தது இன்று சேகரிப்பாளர்கள் தேடும் பொருளாகிவிட்டது. அதே தோற்றத்தில் நகல்களும் நிறைய விற்கின்றன.

என்ன சிறப்பு?

இதன் அமைப்பு மிக எளிமையானது. ஓர் அலகு, மடித்த தகட்டுப் பிடி, இரண்டையும் இணைக்கும் தறையாணி, நடுவில் வாஷர். அவ்வளவுதான். உள்ளே ஸ்பிரிங் கிடையாது. சேறோ மண்ணோ புகுந்தாலும் தண்ணீரில் அலசினால் போய்விடும். ஆணி தளர்ந்தால், அதன் தலையைச் சுத்தியலால் லேசாகத் தட்டினாலே மறுபடி இறுகும். இதைச் செய்ய கம்பெனிக்கு அனுப்ப வேண்டியதில்லை. ஊர்க் கொல்லரே போதும்.

நல்ல ரகத்தில், கடினமான எஃகை நடுவில் வைத்து, இரு பக்கமும் மெதுவான இரும்பு சேர்த்து அலகு செய்கிறார்கள். எஃகு கூர்மையைத் தாங்கும். மெது இரும்பு முறிவைத் தடுக்கும். அலகின் பக்கத்தில் ஒரு பட்டையான சரிவு இருக்கும். அந்தச் சரிவைச் சாணைக்கல்லில் அப்படியே படிய வைத்துத் தேய்த்தால் போதும், எந்தச் சாய்வில் பிடிப்பது என்ற குழப்பம் வராது. புதிதாகச் சாணை பிடிக்கப் பழகுபவருக்கும் இது எளிது.

எங்கே சிக்கல்?

பெரிய குறை, இந்தக் கத்திக்குப் பூட்டு இல்லை. அலகின் அடியில் வால் போல ஒரு நெம்பு நீட்டிக்கொண்டிருக்கும். திறப்பதும் அதை அழுத்தித்தான். வேலை செய்யும்போது அலகு மடங்காமல் இருப்பதும், கட்டைவிரலால் அதை அழுத்திப் பிடிப்பதால்தான். அதாவது, விரல்தான் பூட்டு. முனையால் குத்தினாலோ, அலகின் முதுகில் தட்டினாலோ, விரல் நழுவினாலோ கத்தி மடங்கி மற்ற விரல்கள் மேல் விழும். பலாப் பிசினும், எண்ணெயும், மழை ஈரமும் பட்ட கையில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

பிரான்சு நாட்டின் சவாய் மலைப்பகுதியில் 1890-இல் பிறந்த ‘ஓபினெல்’ என்ற மடக்குக்கத்தியும் முதலில் பூட்டில்லாமல்தான் இருந்தது. 1955-இல் அதற்குச் சுழற்றிப் பூட்டும் வளையம் சேர்த்தார்கள். ஜப்பான் கத்தி மட்டும் பழைய அமைப்பிலேயே நிற்கிறது. பழமையை விரும்புகிறவருக்கு அது பெருமை. வேலைக்காக வாங்குகிறவர் யோசிக்க வேண்டிய இடம்.

அடுத்த குறை, பிடி. மெல்லிய தகடு என்பதால் கொஞ்ச நேரம் அழுத்தி வேலை செய்தாலே உள்ளங்கையை உறுத்தும். கடின எஃகு என்பதால் கம்பி, எலும்பு, ஆணி மேல் பட்டால் அலகின் விளிம்பு சில்லாகப் பெயரும். மூடியை நெம்பவோ, கட்டையைப் பிளக்கவோ கூடாது.

மூன்றாவது, துரு. இது கார்பன் எஃகு. மலையின் பனியும் மூட்டமும் இதற்குப் பகை. புளி, மாங்காய், எலுமிச்சை நறுக்கினால் சீக்கிரம் கறுத்துவிடும். கறுப்பது கெடுதல் இல்லை. துடைக்காமல் விட்டால்தான் செந்துரு பிடித்துக் குழி விழும்.

ஒட்டுக் கட்ட உதவுமா?

கல்வராயன் மலையின் சேலம் மாவட்டப் பகுதியில், கருமந்துறையில் அரசு தோட்டக்கலைப் பண்ணை இருப்பதால், மா ஒட்டுக் கட்டும் வேலை இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஒட்டுக் குச்சியை ஒரே இழுப்பில், மேடு பள்ளம் இல்லாமல் சீவினால்தான் வேர்ச்செடியோடு ஒட்டிப் பிடிக்கும். ஒட்டுக்கத்திகள் பெரும்பாலும் ஒரு பக்கம் தட்டையாக இருப்பது இதற்காகத்தான். ஹிகோனோகாமியில் பொதுவாக இரு பக்கமும் சரிவு. கை தேர்ந்தவர் இதிலும் சீவலாம். ஆனால், ஒட்டுக்காகவே வாங்குவதென்றால் ஒட்டுக்கத்தியே சரி.

எந்தக் கத்தியானாலும் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கரும்பில் மறுதாம்புக் குட்டை நோய், வெட்டும் கத்தி வழியாகவே ஒரு தூரிலிருந்து இன்னொரு தூருக்குப் போகும். விதைக்கரணை வெட்டும்போது அலகை ஸ்பிரிட் நனைத்த துணியால் அடிக்கடி துடைப்பது நல்லது. பிளீச்சிங் பவுடர் கரைசலில் முக்கினால் கார்பன் எஃகு அரித்துப்போகும்.

நம் பட்டறையில் கேட்கலாமே!

நான்கே பாகங்கள் என்பதால், இதே அமைப்பில் ஒரு கத்தி செய்வது அனுபவமுள்ள கொல்லருக்கு முடியாத வேலையல்ல. லாரி ஸ்பிரிங் பட்டையிலிருந்து அருவாள் அடிப்பவருக்கு எஃகைப் பக்குவப்படுத்தத் தெரியும். செய்யச் சொல்லும்போது, அலகு தளர்வாக ஆடாமல் ஆணியை இறுக்கமாக அடிக்கச் சொல்லுங்கள். பிடித் தகட்டின் ஓரங்களை அரத்தால் மழுக்கச் சொல்லுங்கள். மடக்கும்போது கூர்முனை முழுக்கப் பிடிக்குள் போகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வாங்கினால் கவனிக்க வேண்டியவை

* கயிறு, சாக்கு, காய், பழம் போன்ற இழுத்து அறுக்கும் வேலைக்கு மட்டும். குத்தவும் கொத்தவும் வேண்டாம்.
* கட்டைவிரல் எப்போதும் நெம்பின் மேல் இருக்கட்டும்.
* வேலை முடிந்ததும் துடைத்து, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவுங்கள்.
* மடியில் தனியாகச் செருகாமல் சின்ன உறையில் வையுங்கள். நெம்பு துணியில் மாட்டினால் கத்தி திறந்துகொள்ளும்.
* பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நீதிமன்றம், கலெக்டர் அலுவலகம் போகும் நாளில் வீட்டிலேயே இருக்கட்டும்.
* விரலில் வெட்டுப்பட்டால் காப்பித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் வைக்க வேண்டாம். ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மண் வேலை செய்யும் கை என்பதால் தடுப்பூசி பற்றியும் அங்கே கேளுங்கள்.