புகைபோக்கி இல்லா நெருப்பு

நியூசிலாந்தில் சூன் பிறந்தால் குளிர்காலம். தெற்குத் தீவின் ஊர்களில் இரவு வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே இறங்கும். வடக்குத் தீவில் அத்தனை கடுமை இல்லை. எனினும் கடற்காற்றின் ஈரத்தோடு கூடிய குளிர் வீட்டுக்குள் வந்து தங்கிவிடும். அந்நாட்டின் பழைய வீடுகளில் மிகப்பல, மரச்சட்டத்தின்மேல் மரப்பலகை அறைந்து கட்டப்பட்டவை. புதிய வீடுகளுக்கு வெப்பக்காப்பு கட்டாயம் என்ற விதி 1978-இல்தான் வந்தது. அதற்கு முன் எழுந்த வீடுகள் பலவற்றில் கூரைக்கடியிலும் சுவருக்குள்ளும் வெப்பத்தைத் தடுத்து நிறுத்த ஏதும் இல்லை. மாலையில் ஏற்றிய வெம்மை நள்ளிரவுக்குள் வெளியேறிவிடும். இத்தகைய வீடுகளில் எளிய குடும்பங்கள் பல நாடிய துணை, உருளை பொருத்திய எரிவளிக் கணப்பு.

இடுப்பளவு உயரமுள்ள தகரப் பெட்டி. அடியில் சிறு சக்கரங்கள். பின்புறம் 9 கிலோ எரிவளி அடங்கிய உருளை. முன்புறம் கம்பி வலைக்குப் பின்னே மூன்று சுட்டமண் பலகைகள். சுவரைத் துளைக்க வேண்டா. வீட்டு உரிமையாளரின் இசைவு வேண்டா. மாத இறுதியில் கட்டணச் சீட்டு வந்து அச்சுறுத்தாது. கையில் காசு உள்ளபோது ஓர் உருளை வாங்கினால் போதும். புயலில் மின்கம்பி அறுந்த இரவிலும் அது எரியும். இந்நன்மைகள் உண்மையானவை. ஆயினும் அக்கருவிக்கு ஓர் உறுப்பு இல்லை, அது புகைபோக்கி. அதனால் நெருப்பின் வெப்பம் மட்டுமன்றி, நெருப்பு ஈனும் அனைத்துமே அறைக்குள் தங்குகின்றன.

சுடரும் பலகையும்

உருளைக்குள் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும். நம் அடுப்பங்கரையில் எரியும் எரிவளியும் இவற்றின் கலவையே. அழுத்தத்தில் நீர்மமாக அடைபட்டிருக்கும் இவை, அழுத்தம் தளர்ந்ததும் வளியாக மாறும். புரோப்பேனின் கொதிநிலை சுழிக்குக் கீழே 42 பாகை செல்சியசு. பியூட்டேனுக்கோ சுழிக்குக் கீழே அரைப் பாகைதான். ஆகவே, உறைபனி நாளில் வெளியே வைத்த பியூட்டேன் உருளையிலிருந்து வளி எழாது, புரோப்பேன் எழும். நீர்மம் வளியாவதற்கு வேண்டிய வெப்பத்தை உருளையிலிருந்தே ஈர்த்துக்கொள்கிறது. அதனால் கணப்பின் முன்முகம் தகிக்கும் வேளையில், அதன் முதுகிலுள்ள உருளை குளிர்ந்து வியர்த்து நிற்பதைக் காணலாம்.

ரெகுலேட்டரைக் கடந்து வரும் வளி, காற்றோடு கலந்து சுட்டமண் பலகையின் நுண்துளைகள் வழியே வெளிப்பட்டு, பலகையின் மேற்பரப்பை ஒட்டியே எரிகிறது. பலகை ஏறத்தாழ 900 பாகை வரை சூடேறிச் செம்மஞ்சளாக ஒளிர்கிறது. அங்கிருந்து புறப்படுவது பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிர். சூடேறிய பொருள் வீசும் ஆற்றல், அதன் தனிவெப்பநிலையின் நான்காம் படிக்கேற்ப உயரும் என்று 1879-இல் யோசப் இசுடெபான் கண்டார். 1884-இல் லூத்விக் போல்ட்சுமான் அதற்குக் கோட்பாட்டு அடிப்படை தந்தார். கணப்பின் முன் அமர்ந்தவர் நொடிப்பொழுதில் வெம்மை உணர்வது இதனால்தான். கதிர் காற்றைச் சூடேற்றிக் காத்திராமல் நேரே உடலை வந்து சேர்கிறது. ஆனால் கதிர் நேர்கோட்டில் செல்வது. அது படாத எதிர்மூலையும் அடுத்த படுக்கையறையும் குளிர்ந்தே கிடக்கும்.

நெருப்பு ஈனும் நீர்

எரிதலின் வேதியியல் எளிது. ஒரு புரோப்பேன் மூலக்கூறு ஐந்து உயிர்வளி மூலக்கூறுகளோடு சேர்ந்து, மூன்று கரியமில வளி மூலக்கூறுகளையும் நான்கு நீர் மூலக்கூறுகளையும் தருகிறது. எடையில் பார்த்தால், ஒரு கிலோ எரிவளி எரிந்து ஏறத்தாழ 1.6 கிலோ நீரும் 3 கிலோ கரியமில வளியும் பிறக்கின்றன. விளைபொருள் எரிபொருளைவிட மிகுந்திருப்பதில் புதிரில்லை. மிகுந்த எடை அறைக்காற்றிலிருந்து எடுத்த உயிர்வளியுடையது. 9 கிலோ உருளை ஒன்று எரிந்து தீர்கையில் 14 லிட்டருக்கு மேற்பட்ட நீர் ஆவியாக வீட்டுக்குள் கலந்திருக்கும். ஒரு துளியும் கண்ணுக்குத் தெரியாமல் இது நிகழ்கிறது.

ஓர் அறையை எடுத்துக் கணக்கிடுவோம். நீளம் 5 மீட்டர், அகலம் 4 மீட்டர், உயரம் 2.4 மீட்டர், கொள்ளளவு 48 கனமீட்டர். முழு வீச்சில் 4.2 கிலோவாட் வெப்பம் தரும் கணப்பு, மணிக்கு ஏறத்தாழ 300 கிராம் எரிவளியை உண்ணும். அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான நீரை உமிழும். 18 பாகை வெப்பத்தில் அவ்வறைக் காற்று முழுவதும் தாங்கக்கூடிய நீராவி முக்கால் லிட்டரளவே. அதில் பாதிக்கும் மேல் ஒரே மணி நேரத்தில் புதிதாக வந்து சேர்கிறது.

அந்த ஆவி எங்கே போகும்? 18 பாகையில் 70 விழுக்காடு ஈரப்பதம் கொண்ட காற்று, ஏறத்தாழ 12.5 பாகைக்குக் குளிர்ந்தால் நீராகப் படியத் தொடங்கும். வெளியே 5 பாகை குளிர் நிலவுகையில், ஒற்றைக் கண்ணாடிச் சாளரத்தின் உட்பரப்பு 10 பாகைக்கும் கீழே இருக்கும். எனவே சாளரம் வியர்க்கிறது. நீர் வழிந்து மரச்சட்டத்தில் ஊறுகிறது. கதிர்வெப்பம் கூடத்திலேயே நின்றுவிட, நீராவி மட்டும் கதவிடுக்கு வழியே படுக்கையறைக்குள் நுழைகிறது. அங்கே அலமாரிக்குப் பின்னும் கட்டிலுக்கு அருகிலும் உள்ள குளிர்ச்சுவரில் படிகிறது. நாளடைவில் அங்கே பூஞ்சை கறுத்துப் படர்கிறது. ஈரம் மிகுந்த மெத்தையில் தூசிச் சிற்றுண்ணிகள் பெருகுகின்றன. கூடத்தில் மாலை முழுதும் குளிர்காய்ந்த குழந்தை, இரவு உறங்கச் செல்வது அந்த அறையில்தான்.

மூச்சுக்காற்றின் கணக்கு

அதே அறையை முற்றிலும் அடைத்து வைத்ததாகக் கொள்வோம். மணிக்கு 300 கிராம் எரிவளி எரிய ஒரு கிலோவுக்கு மேல் உயிர்வளி வேண்டும். அறையில் உள்ளதோ 13 கிலோ. காற்றில் 20.9 விழுக்காடாக இருந்த உயிர்வளி ஒரு மணி நேரத்தில் 19 விழுக்காட்டை நெருங்கும். இரண்டு மணி நேரம் நிறையும் முன் 18-ஐத் தொடும். வெளிக்காற்றில் 0.04 விழுக்காடாக உள்ள கரியமில வளி, முதல் மணி நேரத்திலேயே ஒரு விழுக்காடாகும். எந்த வீடும் முற்றாக அடைபட்டதன்று. இடுக்குகள் வழியே காற்று வந்துபோகும். ஆனால் குளிருக்கஞ்சி அவ்விடுக்குகளைத் துணியால் அடைக்கும்தோறும் வீடு இந்தக் கணக்கை நோக்கியே நகர்கிறது.

உயிர்வளி குறைந்தால் எரிதல் முழுமை பெறாது. கரிமம் முழுதும் கரியமில வளியாக மாறாமல், ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக நின்றுவிடும். அந்நச்சுக்கு நிறமில்லை, மணமில்லை. கசிவை உணர்த்துவதற்காக எரிவளியில் கலக்கப்படும் மெர்காப்டன் நாற்றமும் இங்கு உதவாது. சுடரில் அது எரிந்துபோகும். குருதியின் ஈமோகுளோபின் உயிர்வளியைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கும் மேலாகக் கார்பன் மோனாக்சைடை இறுகப் பற்றுகிறது. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், சோர்வு ஆகியவை முதல் அறிகுறிகள். குளிர்காலக் காய்ச்சல் என்று எண்ணிக் கணப்பின் அருகிலேயே படுத்துக்கொள்வோர் உண்டு; இத்தவறான எண்ணமே உயிரைப் பறிக்கிறது. வீட்டிலுள்ள பலருக்கும் ஒரே வேளையில் தலைவலி வந்து, வெளிக்காற்றுக்குச் சென்றதும் தணிந்தால், ஐயுற வேண்டியது இந்நச்சையே.

பொறியாளர்கள் இந்த இடரை உணர்ந்து அமைத்த காப்பு வியக்கத்தக்கது. பலகைகளின் கீழே ஒரு சிறு வழிச்சுடர் எப்போதும் எரியும். அதன் நுனி, வெப்ப மின்னிரட்டை எனும் சிறு உலோகத் தண்டை நக்கிக்கொண்டிருக்கும். இருவேறு உலோகங்களின் இணைப்பைச் சூடாக்கினால் மின்னழுத்தம் பிறக்கும் விளைவைத் தாமசு சீபெக் 1821-இல் கண்டார். சில மில்லிவோல்ட்டே ஆன அம்மின்னழுத்தம் ஒரு சிறு மின்காந்தத்தை இயக்கி, எரிவளி வால்வைத் திறந்து பிடிக்கிறது. அறையில் உயிர்வளி குறையக் குறையச் சுடர் எரியும் வேகம் தளரும். அது துளைமுகத்தை விட்டு எழும்பி விலகும். தண்டு குளிரும், மின்காந்தம் கைவிடும், வால்வு மூடிக்கொள்ளும். உயிர்வளி 18 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும் முன் இது நிகழுமாறு அமைக்கிறார்கள். மின்கலம் இன்றி, கணினி இன்றி, சுடரே தன் காற்றை அளந்து தன்னை அணைத்துக்கொள்கிறது.

ஆனால் அது அளப்பது உயிர்வளியை மட்டுமே. தூசி அடைத்த பலகையோ விரிசல் கண்ட பலகையோ, உயிர்வளி போதிய அளவில் உள்ளபோதே நச்சை உமிழக்கூடும். நீராவியையும் அக்காப்பு அறியாது. இன்னொரு வளியையும் அறியாது. அதுதான் நைட்ரசன் டை ஆக்சைடு.

குழந்தைகளின் இரைப்பு

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரசன். பொதுவாக எதனோடும் சேராத அது, சுடரின் கடும் வெப்பத்தில் உயிர்வளியோடு இணைந்து நைட்ரசன் ஆக்சைடுகளாகிறது. அவற்றுள் டை ஆக்சைடு மூச்சுக்குழாய்களை உறுத்தும். ஆஸ்துமா எனும் இரைப்பு நோய் உள்ள குழந்தைகளை அது மிகுதியும் வருத்தும். புகைபோக்கி உள்ள அடுப்பில் இது கூரைக்கு மேலே போய்விடும். இல்லாத கணப்பிலோ குழந்தையின் மூச்சில் கலக்கும்.

இதனை ஆய்ந்தறிய நியூசிலாந்து அறிஞர்கள் நேர்மையான ஒரு வழியைத் தேர்ந்தனர். ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் பிலிப்பா ஹௌடன்-சாப்மன் தலைமையிலான குழு, ஐந்து ஊர்ப்பகுதிகளில் 6 முதல் 12 வயது வரையுள்ள, இரைப்பு நோய் கொண்ட 409 குழந்தைகளின் வீடுகளைத் தெரிவுசெய்தது. அனைத்தும் புகைபோக்கி இல்லாத எரிவளிக் கணப்பையோ செருகு மின்கணப்பையோ நம்பியிருந்த வீடுகள். முதலில் எல்லா வீடுகளுக்கும் வெப்பக்காப்பு செய்யப்பட்டது. பின்னர்க் குலுக்கல் முறையில் பாதி வீடுகளுக்கு, வெளிக்காற்றின் வெப்பத்தைத் திரட்டித் தரும் வெப்ப ஏற்றி, மரத்துகள் அடுப்பு, புகைபோக்கியுள்ள எரிவளிக் கணப்பு ஆகியவற்றுள் ஒன்று முன்னதாகவே தரப்பட்டது. மறுபாதி வீடுகள் ஆய்வு முடிந்தபின் பெற்றன.

முடிவுகள் 2008-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தன. மாற்றிய வீடுகளின் கூடம் சராசரியாக 1.1 பாகை கூடுதல் வெம்மை பெற்றது; குழந்தையின் படுக்கையறை 0.57 பாகை பெற்றது. கூடத்துக் காற்றில் நைட்ரசன் டை ஆக்சைடு கனமீட்டருக்கு 8.5 மைக்ரோகிராமாக இருந்தது. மாற்றாத வீடுகளில் 15.7. நுரையீரலின் ஆற்றலை அளந்தபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆனால் இரவு இருமலும், இரைப்பால் உறக்கம் கலைவதும் குறைந்தன. பள்ளிக்குச் செல்லாத நாள்கள் சராசரியாக 1.8 குறைந்தன. குழந்தையின் ஓரிரு பள்ளி நாள்களை ஒரு கணப்பு மீட்டுத் தர இயலும் என்பதைவிட வலிய சான்று ஒரு நாட்டுக்கு என்ன வேண்டும்? 2019-இல் வகுத்த நலவாழ்வு வீட்டு விதிகளில், வாடகை வீட்டின் கூடத்தை 18 பாகைக்கு ஏற்ற வல்ல நிலையான கருவியை வீட்டுரிமையாளரே அமைத்துத் தரவேண்டும் என்று நியூசிலாந்து அரசு ஆணையிட்டது. புகைபோக்கி இல்லாத எரிவளிக் கணப்பை அக்கணக்கில் சேர்க்கலாகாது என்றும் தெளிவுபடுத்தியது. 2025 சூலை முதல் எல்லா வாடகை வீடுகளுக்கும் இவ்விதி பொருந்தும்.

சாளரத்தின் கணக்கு

விதிகள் எட்டாத வீடுகளும், மின்சாரம் அற்ற இரவுகளும் இருக்கத்தான் செய்யும். அங்கே இக்கருவியைப் பயன்படுத்துவோர் முதலில் அஞ்சுவது சாளரத்தைத் திறப்பதற்கே. காசு கொடுத்து வாங்கிய வெப்பம் வெளியே போய்விடுமே என்பது அவர்கள் கவலை. கணக்கு வேறு சொல்கிறது. நாம் எடுத்த அறையின் காற்று முழுவதும் மணிக்கு ஒருமுறை மாறினால், வெளியே 5 பாகையும் உள்ளே 18 பாகையும் இருக்கையில், இழப்பு ஏறத்தாழ 0.2 கிலோவாட்; கணப்பு தரும் வெப்பத்தில் இருபதில் ஒரு பங்கு. கணப்பு உமிழும் நீராவி முழுவதையும் வெளியேற்றி ஈரப்பதத்தை 60 விழுக்காட்டளவில் நிறுத்த, மணிக்கு மூன்று நான்கு முறை காற்று மாறவேண்டும்; அதன் இழப்பும் ஐந்தில் ஒரு பங்குக்கு மிகாது. எடை குறைந்த காற்று சுமக்கும் வெப்பம் அத்துணைச் சிறிது. வீட்டின் வெப்பத்தை உண்மையில் உண்பவை காப்பற்ற கூரையும் சுவரும் தரையுமே.

ஆகவே, கணப்பு எரியும்போதெல்லாம் சாளரம் ஓரளவு திறந்திருக்கவேண்டும். படுக்கையறையில் அதை எரிக்கலாகாது, எரியவிட்டு உறங்கலாகாது. திரைச்சீலையும் மெத்தையும் ஒரு மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும். அதன்மேல் துணி உலர்த்துவது தீயையும் ஈரத்தையும் ஒருங்கே அழைப்பதாகும். திறந்தவெளிக்கென்று செய்த கணப்பை வீட்டுக்குள் கொணரக் கூடாது. எரிவளி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு அடர்ந்தது; கசிந்தால் தரையோடு தவழ்ந்து தேங்கும். உருளை மாற்றியதும் இணைப்பில் சோப்புநீர் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்க்கவேண்டும். சுடர் மஞ்சளாக அலைந்தால் கருவியை நிறுத்திப் பழுதுபார்க்கச் செய்யவேண்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணி ஒன்று வீட்டில் இருக்கவேண்டும்.

வெம்மையின் இலக்கணம்

வீட்டை வெதுவெதுப்பாக்குதல் என்பது வெப்பநிலையை உயர்த்துதல் மட்டுமன்று. காற்றின் ஈரம், காற்றின் தூய்மை, சுவரின் வெம்மை ஆகிய மூன்றும் அதனோடு பிணைந்தவை. புகைபோக்கி இல்லாக் கணப்பு முன்னே அமர்ந்தவருக்கு வெப்பம் தந்து, இம்மூன்றிலும் குறை வைக்கிறது. எனவே செய்யவேண்டியவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கூரைக்கும் தரைக்கும் வெப்பக்காப்பு. அது எரிபொருளின் தேவையையே குறைக்கும். அடுத்து, எச்சத்தை வெளியே அனுப்பும் அடுப்பு, அல்லது வெளிக்காற்றின் வெப்பத்தைத் திரட்டி, உண்ணும் மின்சாரத்தைப்போல் மும்மடங்கு வெம்மையை உள்ளே தரும் வெப்ப ஏற்றி. உருளைக் கணப்பு இவையிரண்டும் கைகூடாத இரவுக்கான துணையாக மட்டும் இருக்கட்டும்.

இந்த வரிசையை அறியாமல் எளியோர் தவறுவதில்லை. முதல் இரண்டுக்கும் முன்பணம் வேண்டும், மூன்றாவதற்கு ஓர் உருளையின் விலை போதும். அதனால்தான் குளிரிலிருந்து காத்தல் தனிமனிதரின் சிக்கனத்துக்கு விடவேண்டிய செய்தியன்று. குடிநீரைப்போல், கழிவுநீர் வாய்க்காலைப்போல், வெம்மையும் பொதுநலத்தின் பொறுப்பு. 409 குழந்தைகளின் வீடுகளை ஆய்ந்து நியூசிலாந்து கண்ட உண்மையை, குளிரில் வாழும் நாடுகள் அனைத்தும் தம் சட்டமாக்குவது கடன்.