விடியலில் கறுத்திருக்கும் செம்பருத்தி

மலேசியாவின் சிம்பாங் பூலாயில், சுண்ணாம்புக் குன்றுகளுக்குப் பின்னால் கிழக்கு வெளுக்க ஏழு மணியாகிவிடும். ரப்பர் தோட்டக் காலத்தில் அதற்கு வெகு முன்பே பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பு முடிந்து, நெற்றி விளக்கோடு பால்மரம் வெட்டக் கிளம்பியிருப்பார்கள். வெயில் ஏறுமுன் மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் நன்றாக இறங்கும் என்பதால்தான் அந்த அவசரம். விளக்கு விழும் பட்டையில் மட்டும் நிறம் தெரியும். அதற்கு அப்பால் மரமும் ஆளும் வெறும் சாம்பல். அடுத்த நிரையில் நிற்பவர் கட்டியிருக்கும் சிவப்புச் சேலைகூடக் கறுப்பாகத்தான் தெரியும்.

சேலையின் சாயம் எங்கும் போய்விடவில்லை. வேலை செய்கிற கண்தான் வேறு.

நம் விழித்திரையில் கூம்புச் செல்கள் ஏறத்தாழ 60 லட்சம், கோல் செல்கள் ஏறத்தாழ 12 கோடி. கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம் சுமார் 380 முதல் 750 நானோமீட்டர் வரை. கூம்புகளில் மூன்று வகை உண்டு. அந்த அலைநீள எல்லைக்குள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பகுதிக்கு அதிகமாகக் கிளர்ச்சியடையும். மூன்றும் அனுப்பும் செய்தியை நரம்புகளும் மூளையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. அந்த ஒப்பீட்டில் பிறப்பதைத்தான் நிறம் என்கிறோம்.

கூம்புகளுக்கு வெளிச்சம் தாராளமாக வேண்டும். இருட்டில் அவை ஓய்ந்துவிட, கோல்கள் பொறுப்பேற்கும். கோல்களிலோ ஒரே வகைதான். எதை எதோடு ஒப்பிடுவது? ஒளி கூடுதலா குறைவா என்பதை மட்டுமே அவற்றால் சொல்ல முடியும். இருட்டில் உலகம் சாம்பலாவது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு, என்னை மிகவும் வியக்க வைப்பது அதுதான். பகல் கண்ணுக்கு மிகப் பளிச்சென்று படுவது 555 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சள் கலந்த பச்சை. கோல்களுக்கோ 500 நானோமீட்டரை ஒட்டிய நீலப்பச்சை. சிவப்பு அவற்றுக்கு அநேகமாகத் தெரிவதே இல்லை. ஆகவே மங்கிய ஒளியில் பச்சையும் நீலமும் எடுப்பாகத் தெரிய, சிவப்பு மட்டும் கறுத்துக் கிடக்கும். செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்க்கின்யே 1825இல் இதை எழுதி வைத்தார். இன்றும் இந்த விளைவை அவர் பெயரால்தான் அழைக்கிறோம்.

நம் குன்றுகளிலும் இதைப் பார்க்கலாம். சுண்ணாம்புப் பாறை எல்லா அலைநீளத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலத் திருப்பி அனுப்புவதால் அரையிருட்டிலும் வெளிறித் தெரியும். அதில் வழிந்திருக்கும் இரும்புத் துருக் கறையோ முதலில் வெறும் கருங்கோடு. வெளிச்சம் ஏறிய பிறகுதான் செம்மண் நிறம் பிடிக்கும்.

தோட்டங்கள் பல தாமான் குடியிருப்புகளாகிவிட்டாலும் வாசல்களில் செம்பருத்தி இருக்கிறது; மலேசியாவின் தேசிய மலர் அல்லவா! நாளை விடியுமுன் எழுந்து, தெருவிளக்கு படாத ஒரு செடியருகே பிள்ளைகளோடு நில்லுங்கள். கைப்பேசியைத் தொடாதீர்கள், கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரைமணி நேரம் ஆகும். முதலில் இலையைவிடப் பூ கறுத்திருக்கும். பிறகு, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பூ சிவக்கும்.