கீபோர்டு பிசுபிசுக்குதா? அவசரப்பட்டு அடிமாட்டு விலைக்கு வித்துடாதீங்க!

மூணு வருஷமா பீரோவில் கிடந்த என் மிடி கீபோர்டை எடுத்தேன். குமிழ் எல்லாம் கையில் ஒட்டுது. 'போச்சு, வந்த விலைக்குத் தள்ளிடலாம்'னுதான் முதல்ல தோணுச்சு.

கெட்டுப்போனது கருவி இல்லீங்க, மேல்பூச்சு. தொட மிருதுவா இருக்கணும்னு பிளாஸ்டிக் மேல பாலியூரித்தேன் பூச்சு அடிப்பாங்க. காற்றில் இருக்கிற ஈரம் அதைக் கொஞ்சம் கொஞ்சமா சிதைக்கும். வெக்கையும் கையோட எண்ணெய்ப் பசையும் அதை வேகப்படுத்தும். பூட்டி வச்சாலும் தேய்மானம் உண்டு!

சரி, என்ன பண்ணலாம்?

• பவரைத் துண்டிங்க. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைச்சுத் தேய்ங்க. கருவி மேல ஊத்தாதீங்க.
• முதல்ல மறைவான மூலையில் சோதிங்க. அச்செழுத்து அழியலாம், அக்ரிலிக் திரையில் பட்டா விரிசல் விழலாம்.
• டால்கம் பவுடர் தற்காலிகத் தீர்வுதான்.

இப்போ கணக்கு: சில நூறு ரூபாய் பாட்டில், ஒரு ஞாயிறு மதியம். இல்லைன்னா புதுக் கருவிக்கு 12 மாச இஎம்ஐ.

விக்கிறீங்களா? சுத்தம் பண்ணிட்டு விலை சொல்லுங்க. பழசு வாங்குறீங்களா? எல்லா பட்டனும் வேலை செய்யுதான்னு பாருங்க. செஞ்சா, பிசுபிசுப்பைக் காட்டிப் பேரம் பேசுங்க.

என் கீபோர்டு? விக்கலை. இப்போ மேசை மேலதான் இருக்கு.