கைப்பட்டை சொல்லும் எண்

கிளினிக்கில் தாதி காதில் குழாய் வைத்துப் பார்த்தால் ஓர் எண், வீட்டுக் கருவியில் வேறோர் எண். எதை நம்புவது? டாக்டரைக் கண்டதும் சிலருக்கு இரத்த அழுத்தம் ஏறிவிடும் என்பது ஒரு காரணம். அளக்கும் முறையே வேறு என்பது இன்னொன்று.

1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி, கையில் காற்றுப்பட்டை கட்டி, நாடி மறையும் அழுத்தத்தைக் குறித்தார். மேல் எண் மட்டுமே கிடைத்தது. 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். காற்றை மெல்ல இறக்கும்போது முதலில் கேட்கும் ‘தட்’ ஒலி மேல் எண். ஒலி அடங்கும் இடம் கீழ் எண்.

வீட்டுக் கருவிக்குக் காது கிடையாது. நாடி துடிக்கும்போது பட்டைக்குள் காற்று அதிர்வதை அது உணர்கிறது. அதிர்வு உச்சம் தொடும் இடம் சராசரி அழுத்தம். அதிலிருந்து மேல், கீழ் எண்களைத் தயாரிப்பாளரின் கணக்குமுறை கணித்துச் சொல்கிறது. அதனால்தான் இதயத்துடிப்பு சீராக இல்லாதவர்களுக்கு அது தடுமாறலாம்.

கட்டும் விதத்திலும் பிழை வரும். பருத்த கையில் சிறிய பட்டை கட்டினால் எண் கூடும். கை இதய மட்டத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே தொங்கினால் 7, 8 மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டும். 132 இருப்பவருக்கு 140 என்று வரும். தேவையில்லாத மாத்திரைக்கு அதுவே வழிவிடலாம். மேசைமேல் கையை வைத்து, 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு அளங்கள். எண்களைக் குறித்துவைத்து, அடுத்த முறை கருவியையும் கிளினிக்குக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.